நீலப்பூத் தாளில் ஒரு திருத்தச் சீட்டு

காய்ந்த செடிகளைப் பாதுகாக்கும் அந்தக் காப்பகத்தில் அவளை எல்லோரும் கோந்தம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். மலைக்குப் போகிறவர்கள் செடியைச் செய்தித்தாள் மடிப்பில் அழுத்தி, எங்கே, எந்த உயரத்தில், என்றைக்கு எடுத்தது என்ற சீட்டையும் செருகி, மூட்டையாகக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போவார்கள். மடிப்பைப் பிரித்துச் செடியையும் சீட்டையும் கெட்டித் தாளில் ஒட்டுவது அவள் வேலை. அவள் மேசைப் பக்கம் வந்து தும்மினவன் பாடு திண்டாட்டம்தான்.

ஒரு நேரத்தில் ஒரு மடிப்பைத்தான் திறக்கலாம். அதை ஒரே ஒரு நாள் மீறினாள். மகளுக்குப் பிள்ளை பிறந்த செய்தி போனில் வந்த நாள் அது. தலைகால் புரியாத சந்தோஷத்தில் இரண்டு மடிப்பைத் திறந்துவிட்டாள். இரண்டிலும் நீலப்பூ.

மாதங்கள் கழித்து, மேசையில் விரிக்கப் பழைய மடிப்புத்தாளை எடுத்தாள். செடி பதிந்த பழுப்புக் கறை அப்படியே இருந்தது. ஓரத்தில் செடியை எடுத்தவர் போட்ட பென்சில் எண்; சீட்டிலும் அதே எண்தான் இருக்க வேண்டும். அந்தச் செடியை ஒட்டிய தாளைத் தேடிப் பார்த்தால், அதிலிருந்த சீட்டில் வேறு எண். சீட்டு மாறிப்போயிருந்தது. அன்றைக்கு இரண்டு மடிப்பைத் திறந்தது கோந்தம்மாவுக்கு நினைவு வந்தது.

அந்தச் சீட்டை நம்பித்தான் காப்பகத்து ஆராய்ச்சிக்காரத் தம்பி கிழக்கு மலை ஏறி, பூவைக் காணாமல், காலைச் சுளுக்கிக்கொண்டு வந்திருந்தான். பூ இருந்தது மேற்கு மலையில். அவனோ மறுபடியும் கிழக்கு மலைக்கே மூட்டை கட்டிக்கொண்டிருந்தான்.

மெக்கானிக் கணவரிடம் சொன்னாள்.

“பைத்தியமா உனக்கு? வேலை நிரந்தரமாகுற நேரத்துல நீயே போய்த் தலையக் குடுப்பியா? பேசாம வாய்லயும் கோந்தத் தடவிக்கிட்டு இரு.”

“அந்தப் புள்ள நொண்டிக்கிட்டே திரும்ப ஏறுமே?”

அவர் டிவி சத்தத்தைக் கூட்டிக்கொண்டார்.

மறுநாள் அவள் மடிப்புத்தாளை ஆராய்ச்சிக்காரன் முன்னால் விரித்தாள். “தம்பி, நீங்க ஏறினது தப்பான மலை. சீட்ட மாத்தி ஒட்டினது நான்தான்.”

அவன் முகம் கடுகடுத்தது. “அட்டைக்கெல்லாம் ரத்ததானம் பண்ணிட்டு வந்தேன்க்கா!” கறையையும் எண்ணையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு கணுக்காலைத் தடவிக்கொண்டே சிரித்துவிட்டான். “நல்லவேளை சொன்னீங்க. திரும்பவும் குடுக்கப் போயிருப்பேன்.”

அவனே அவளை இயக்குநரம்மாவிடம் அழைத்துப் போனான். அவர் இரண்டு தாள்களையும் பார்த்துவிட்டு, “இவங்கள அனுப்பிட்டா, அடுத்த தப்ப யாரு வந்து சொல்லுவா?” என்று மட்டும் கேட்டார். நிரந்தர ஆணையில் கையெழுத்துப் போட்டார். இந்த இரண்டு பேரும் நூறு வருஷம் நல்லா இருக்கணும் என்று கோந்தம்மா மனசார நினைத்துக்கொண்டாள்.

அங்கே தப்பான சீட்டைக் கிழிக்க மாட்டார்கள். பக்கத்திலேயே திருத்தச் சீட்டு ஒட்டுவார்கள். அதை எழுத உட்கார்ந்த தம்பி நடுவில் நிறுத்தினான்.

“அக்கா, உங்க பேரு என்ன?”

“மாத்தி ஒட்டினவ பேரும் போடணுமா தம்பி? காலத்துக்கும் நிக்குமே!”

“அதுக்கில்லக்கா. கண்டுபிடிச்சுத் திருத்தினவங்க பேரு போடணும்ல.”

செடியை எடுத்தவர் பெயர் இருக்கும், இன்ன செடி என்று இனம் கண்டவர் பெயர் இருக்கும். ஒட்டியவள் பெயர் எந்தத் தாளிலும் இருந்ததில்லை. தன் பெயரைச் சொன்னபோது அது அவளுக்கே யாரோ ஒருவர் பெயர் போலக் கேட்டது. தன் பெயரைத் தானே ஒட்டக் கூச்சமாக இருந்ததால் அந்தச் சீட்டை மட்டும் தம்பிதான் ஒட்டினான். கோணலாக ஒட்டினான். கோந்தம்மா அதை நிமிர்த்தாமல் அப்படியே காய விட்டாள்.