அழாத பிள்ளை

தூத்துக்குடியில் கழுத்து ஸ்கேனுக்காக நான் காத்திருந்தபோது அவர் பக்கத்து நாற்காலியில் இருந்தார். சங்கு குளிக்கிறவர். உப்புத் தண்ணீரில் சிவந்துபோன கண்கள். ஒரு காது கேட்காததால் தலையை என் பக்கம் சாய்த்தே பேசினார். மடியில் மகள். பதினோரு வயது என்றார், ஐந்துதான் மதிக்கலாம். அவள் கண் சொருகும்போதெல்லாம் கன்னத்தில் தட்டி எழுப்பிக்கொண்டே இருந்தார். எனக்கு எரிச்சலாக வந்தது.

“பிள்ளை தூங்கட்டுமே அண்ணாச்சி.”

“கழுத்துல இருக்க வேண்டிய தைராய்டு இவளுக்கு அடிநாக்குலயே நின்னு போச்சாம் சார். பிறவியிலேயே அப்படித்தானாம். நாங்க டாக்டர்கிட்ட கொண்டு போகும்போது நாலு வயசு. மாத்திரை குடுக்கோம். உடம்பு கொஞ்சம் வளருமாம். புத்திக்கு இனிமே ஒண்ணும் செய்ய முடியாதுன்னுட்டாங்க.”

“முன்னாடியே தெரியலையா?”

“கைப்பிள்ளையில இவ அழவே மாட்டா. விடியக்காலம் கடலுக்குப் போயி முங்கி முங்கி எந்திரிச்சு, மத்தியானம் வந்து படுப்பேன். பாலுக்குக்கூட சிணுங்க மாட்டா. அப்பனத் தூங்க விடுத பிள்ளைன்னு தெரு பூரா சொல்லிட்டுத் திரிஞ்சேன். மாதா கோயில்ல மெழுகுதிரி ஏத்தி நன்றிகூட சொன்னேன். அழாமத் தூங்குனதே அந்த நோயாலதான்னு பெறகுதான் டாக்டர் சொன்னாரு.”

உள்ளேயிருந்து அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். மறுபடியும் தூங்கியிருந்தாள். இந்த முறை ஓங்கியே தட்டினார். சத்தம் கேட்டு நாலைந்து பேர் திரும்பினார்கள். அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு தடவையாவது அழுதுவிட மாட்டாளா என்று பார்க்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

அவள் கண்ணைத் திறந்து, அவரைப் பார்த்துச் சிரித்தாள்.