குழந்தைத் தராசில் புளி

கரியாலூருக்கு மேலே இருந்த அந்தக் கிராமத்துக்கு, முந்தின நாளே பஸ் ஏறிவிட்ட நானும் தராசும் மட்டும் போய்ச் சேர்ந்தோம். ஆராய்ச்சியை நடத்தும் டாக்டரம்மா வரவில்லை. இட ஒதுக்கீட்டுப் போராட்டத்தில் சாலை நெடுக மரங்களை வெட்டிப் போட்டிருந்ததால், அவர் ஜீப்போடு கள்ளக்குறிச்சியிலேயே நின்றுவிட்டார்.

குழந்தைகளின் எடையையும் சாப்பாட்டையும் குறித்து வருவதுதான் எங்கள் ஆராய்ச்சி. தராசைக் கிளையில் கட்டியதும் நெடுநெடுவென்று ஒரு பெண் வந்தார். இடுப்பில் குழந்தை, தலையில் புளிச்சாக்கு. எதைக் கொடுத்தாலும் உள்ளங்கையில் தூக்கிப் பார்த்துத்தான் வாங்குவார், நான் நீட்டிய எடை அட்டையைக்கூட.

"மொதல்ல புளிய நிறு, தம்பி."

"இது புள்ளைங்க தராசு, அக்கா. புளி நிறுக்கக் கூடாதுங்க."

"புள்ளையவா விக்கப் போறேன்? புளியத்தானே விக்கப் போறேன். இதே அளவு சாக்க வியாபாரி எப்பவும் எட்டு கிலோன்னு சொல்லிக்கினு இருக்கான். என் கை ஒத்துக்கல."

எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான். விதியை மீறிப் பழக்கமில்லை. ஆனாலும் சாக்கை மாட்டினேன். பதினொரு கிலோ காட்டியது. அவர் கோபப்படவில்லை. தன் கையைப் பெருமையாகப் பார்த்துக்கொண்டார்.

"இப்ப புள்ளைய போடு."

புளி ஒட்டியிருந்த தூளித்துணியைச் சப்பிக்கொண்டு குழந்தை அழாமல் தொங்கியது. வயதுக்கு எடை கம்மி.

படிவத்தில் 'எடைக் குறைவுக்குக் காரணம்' என்றொரு கட்டம் இருந்தது. அதில் 'தாயின் அறியாமை' என்று எழுதத்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அவரை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு எழுதினேன்: சாக்குக்கு மூன்று கிலோ புளி.