சத்தம் போடாத சைக்கிள்

ஸ்க்ரூடிரைவரின் முனை பின்சக்கரத்தின் நடுவே உள்ள ஹப்பில் இருக்கிறது. கைப்பிடி வலது காதுக்குப் பின்னால் உள்ள எலும்பில் அழுந்தியிருக்கிறது. தலைகீழாக நிறுத்திய சைக்கிளுக்குப் பக்கத்தில் ஒரு பெயிண்ட் வாளியைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்து, கண்ணை மூடி, வாயை லேசாகத் திறந்து, இடது கையால் சக்கரத்தைச் சுழற்றிவிடுகிறார். கேட்க வேண்டியது கேட்டுவிட்டால் அந்த இடது கையின் ஆள்காட்டி விரல் மட்டும் மெல்ல மேலே எழும். அதுவரை யாரும் பேசக் கூடாது. பேசினாலும் அவருக்குக் கேட்காது என்பது வேறு விஷயம்.

எங்கள் பகுதிக்குத் தண்ணீர் ஏற்றும் பம்ப் ஹவுஸில் அவர் ஆபரேட்டர். தெருவில் அவருக்குப் ‘பம்ப்பு’ என்றுதான் பெயர். முகத்துக்கு நேரே என்றால் கூட ஒரு ‘அண்ணன்’ சேர்ந்துகொள்ளும். ஆள் உயர மோட்டார்களுக்கு நடுவே வாலிபத்திலிருந்து நின்று நின்று காது போய்விட்டது. முழுச் செவிடு என்று சொல்ல முடியாது. தடித்த ஆண்குரல் கேட்கும், லாரி கேட்கும், இடி கேட்கும். மெல்லிசாக, கீச்சென்று வருகிற எதுவும் கேட்காது. விசில் கேட்காது, குழந்தை அழுவது கேட்காது, செல்போன் மணி கேட்கவே கேட்காது. “எலும்புக்குக் காது நல்லா இருக்கு தம்பி, காதுக்குத்தான் காது போச்சு” என்று என்னிடம் சொல்லுவார். பேரிங் தேய்வதை அந்த ஸ்க்ரூடிரைவர் வழியாகவே கண்டுபிடித்துப் பழகிய ஆள்.

அவர் மனைவி வீட்டிலேயே துணி தைக்கிறவர். ஊசியை நாக்கிலும் வைத்திருப்பவர். “மோட்டார் பேசினா கேக்கும், பொண்டாட்டி பேசினா கேக்காது. நானும் இனிமே ஸ்க்ரூடிரைவர் வச்சுத்தான் பேசணும் போல” என்று அவர் காதுபடவே சொல்வார். காதுபட என்று வழக்கத்துக்குச் சொல்கிறேன்.

இவர்கள் இருப்பது ஒரு வீட்டின் பின்பாதியில். முன்பாதியில் அவருடைய அண்ணன், மனைவியை இழந்தவர், ஏதோ ஒரு கிடங்கில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர், தனியாக இருக்கிறார். நடுவில் சுவர். பின்பாதியிலிருந்து தெருவுக்கு வர ஒரே வழி, அண்ணனின் படுக்கையறை ஜன்னலை உரசிக்கொண்டு வரும் சந்து. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பக்கத்தில் நடக்க அதில் இடம் கிடையாது. ஏறி உட்கார்ந்து ஓட்டிக்கொண்டுதான் வெளியே வர வேண்டும். நான் எதிர்வீட்டு மாடியில் குடியிருக்கிறேன். என் ஜன்னலுக்கு நேரே அந்தச் சந்தும், அதன் வாயில் ஒரு தெருவிளக்கும்.

அண்ணனும் தம்பியும் பேசுவதில்லை. அவர்களுடைய அப்பா கடைசி மூச்சுக்குத் தவித்த அன்றைக்கு, “சின்னவன் எங்கே” என்று கேட்டபடியே கிடந்திருக்கிறார். பெரியவர் போன் மேல் போன் போட்டிருக்கிறார். பம்ப் ஹவுஸில் சின்னவரின் சட்டைப்பையில் அது அடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. ஷிஃப்ட் முடிந்து வெளியே வந்து அவர் போனை எடுத்துப் பார்த்தபோது இங்கே எல்லாம் முடிந்துவிட்டது. கூப்பிட்டது கேட்கவில்லை என்று இவர் சொல்ல, “உனக்கு எதுதான் கேக்கும்” என்று அவர் சொல்ல, அதோடு பேச்சு நின்றுபோனது. நடுச்சுவர் அதற்குப் பிறகு எழுந்தது.

பம்ப் ஹவுஸ் மேட்டின்மேல் இருக்கிறது. முட்டி இரண்டும் மக்கர் பண்ண ஆரம்பித்ததும், அப்பா ஓட்டிய அதே சைக்கிளுக்கு ஒரு மோட்டார் பூட்டிவிடலாம் என்று பம்ப்பு முடிவு செய்தார். முதலில் கிடைத்தது ஒரு பழைய பெட்ரோல் எஞ்சின், தனியாக ஒரு செயினோடு. கூழாங்கல் போட்ட தகர டப்பாவை மாடிப்படியில் உருட்டிவிட்டதுபோல் விடியலுக்கு முன்னால் அது சந்தைத் தாண்டியது. நான் தூக்கிவாரிப் போட்டு எழுந்து உட்கார்ந்தேன். அண்ணன் வீட்டு ஜன்னல் படாரென்று திறந்தது.

“டேய், பொணத்தை எழுப்பவாடா போற? அந்தச் சனியனைத் தலையில தூக்கி வச்சுக்கிட்டுப் போடா.”

நல்ல கட்டைக்குரல். தம்பிக்கும் கேட்டது. சுவர் எழுந்த பிறகு அண்ணன் வாயிலிருந்து அவருக்கு வந்த முதல் பேச்சு அது. அன்று சாயங்காலம் என்னிடம் அதை ஒரு எழுத்து பிசகாமல் ஒப்பித்தார். பிறகு கொஞ்ச நேரம் எண்ணெய்க் கறை படிந்த விரல்களைத் துடைத்துக்கொண்டே இருந்தார். “அப்பாவைக் கடைசிவரை அவருதான் பாத்தாரு. நான் அவரு தூக்கத்தையாவது கெடுக்காம இருக்கணும். இந்தச் சத்தம் நின்னுச்சுன்னா மனசு இறங்கிடுவாரு தம்பி” என்றார். எஞ்சின் அன்றைக்கே கழற்றப்பட்டது. அப்போதிலிருந்து அவருக்கு இருந்தது ஒரே கவலைதான்: எந்த மோட்டார் சத்தம் போடாது?

அடுத்து வந்தது, பின் டயரின்மேல் ஒரு உருளை அழுந்தி உருட்டிவிடும் வகை. செயினும் இல்லை, பல்சக்கரமும் இல்லை, பிறகு சத்தம் எங்கிருந்து வரும் என்று நியாயம் பேசினார். ஈரம் பட்டால் வழுக்கிற்று, காய்ந்திருந்தால் ஊளையிட்டது. “டேய், சைக்கிள்ல நாயைக் கட்டி இழுக்கிறியா” என்று அண்ணன் கேட்டார். நியாயமான கேள்விதான்.

பிறகு கொஞ்ச காலம் பெல்ட்டைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். பெல்ட் கடகடக்காது, எண்ணெய் கேட்காது. ஆனால் செயினைப்போல் அதை நடுவில் பிரித்து மாட்ட முடியாதாம். பின்பக்கத்து ஃப்ரேமை ஓரிடத்தில் அறுத்து வழிவிட்டால்தான் உள்ளே போகுமாம். ரம்பத்தை எடுத்து வந்து ஃப்ரேமின்மேல் வைத்துப் பார்த்தார். அப்பாவின் சைக்கிள். ரம்பம் போன வழியே திரும்பிப் போயிற்று.

மூன்றாவது, ஹப்புக்குள்ளேயே அடங்கிய பேட்டரி மோட்டார். அதற்குள் சின்னச் சின்னப் பல்சக்கரங்கள். பூட்டி ஓட்டிவிட்டு, “பூனை மாதிரி போகுது தம்பி” என்று பூரித்துப்போனார். அவருடைய சம்பளமில்லாத காது நான்தான் என்பதால், சந்தின் வாயில் என்னை நிறுத்திவைத்து, உள்ளேயிருந்து ஓட்டி வந்து காட்டினார். பல் டாக்டரின் மெஷின் போலக் கூரிய ஒரு ரீங்காரம் என் மண்டைக்குள் இறங்கியது. சரியாக அவருக்குக் கேட்காத சுருதியில் கத்தும் மோட்டாராகத் தேடிப்பிடித்து வாங்கியிருந்தார். நான் சொன்னதை அவர் நம்பவில்லை, என் காதில்தான் கோளாறு என்றார். மறுநாள் விடியலில் தீர்ப்பு வந்தது. “டேய், யாருக்குடா பல்லு பிடுங்கப் போற?”

அன்று அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டே மனைவியிடம் போய் ஒப்பித்தார். “அண்ணன் திட்டின அன்னைக்குத்தான் இவருக்குச் சாப்பாடு ஒழுங்கா இறங்குது” என்று அந்த அம்மாள் என்னிடம் சொன்னார். தையல் மெஷினை நிறுத்திவிட்டு, நாக்கில் ஊசியில்லாமல், அடுத்ததையும் சொன்னார். “மாமனாரும் போயிட்டாரு, மாமியாரும் போயிட்டாங்க. இவரை டேய்னு கூப்பிட இனி வேற யாரு இருக்கா?”

எனக்கு அது சுருக்கென்றது. பம்ப்புக்கு உறைக்கவில்லை. அவர் அதற்குள் நான்காவது மோட்டாரைப் பிடித்துவிட்டார். ஹப்புக்குள் இருப்பதுதான், ஆனால் உள்ளே பல்சக்கரமே கிடையாது. காந்தமே சக்கரத்தைத் தள்ளும். எடை அதிகம். மோட்டாரை நிறுத்திவிட்டு மிதித்தால் அம்மி இழுப்பதுபோல் இருக்கும். ஆனாலும் உரசிக்கொள்ள உள்ளே ஒன்றுமில்லை என்பதால் அதையே தேர்ந்தெடுத்தார். பூட்டியபோது ஆரம்பத்தில் ஒரு உறுமல் வந்தது. வாளியைக் கவிழ்த்துப் போட்டு, ஸ்க்ரூடிரைவரை ஒவ்வொரு இடமாக வைத்து வைத்துக் கேட்டார். விரல் எழுந்தது. குற்றம் மோட்டாருடையது இல்லையாம், அதற்குக் கரண்டை அனுப்பும் டப்பாவுடையதாம். அது கரண்டை வெட்டி வெட்டி அனுப்புகிறதாம், வழவழவென்று அனுப்பும் டப்பாவும் கடையில் உண்டாம். டப்பாவை மாற்றினார். மட்கார்டு நட்டுக்கெல்லாம் ரப்பர் வாஷர் போட்டு முறுக்கினார். செயினுக்கு கிரீஸ் வைத்தார். ஸ்டாண்டுக்கு டியூப் துண்டு சுற்றினார். பெல்லின் நாக்கைக்கூட ஒரு துணியால் கட்டிவிட்டார்.

மறுநாள் விடியுமுன் நான் ஜன்னலில் நின்று பார்த்தேன். சந்திலிருந்து ஒரு நிழல் வழுக்கி வந்ததுபோல் வந்தார். அண்ணன் ஜன்னல் திறக்கவில்லை, விளக்கு எரியவில்லை. தெருவிளக்கின் கீழே நிறுத்தி என்னை அண்ணாந்து பார்த்து, பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். பரீட்சையில் தேறிவிட்ட முகம்.

அதன் பிறகு ஒன்றுமே நடக்கவில்லை.

“அண்ணன் தூங்குறாரு” என்று முதலில் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து யாராவது வருவார்கள், ஒரு வார்த்தை வரும் என்று காத்திருந்தார். மழைக்காலம் வந்து உட்கார்ந்தது. “அண்ணன் ஏதாவது சொன்னாரா தம்பி” என்று என்னை நிறுத்திக் கேட்க ஆரம்பித்தார். சொல்லவில்லை என்றால் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருப்பார். சாப்பாடு பாதியில் நிற்கிறது என்று அவர் மனைவி சொன்னார். ஒருநாள் பம்ப்பே கேட்டுவிட்டார். “அவரு சத்தம் போடத்தான் போடுறாரு, எனக்குத்தான் கேக்கலையோ? இருந்த காதும் போச்சா தம்பி?” யாரும் கத்தவில்லை என்று நான் கத்திச் சொன்னேன். அவர் முழுதாக நம்பினார் என்று தோன்றவில்லை. ஒருமுறை கேட்காமல் விட்ட மனிதருக்கு அந்தப் பயம் எப்படிப் போகும்?

மழை விட்ட ஒரு காலையில் அண்ணன் என்னைக் கூப்பிட்டார். வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு, கம்பளியைப் போர்த்திக்கொண்டு நின்றார். மழைக்காலம் முழுக்க நெஞ்சுச் சளி போட்டு வாட்டியிருக்கிறது. அந்தக் கட்டைக்குரல் போய்க் காற்றுதான் வந்தது. பக்கத்தில் நின்ற எனக்கே பாதிதான் பிடிபட்டது.

“அவன் வேலைக்குப் போறானா?” என்றார்.

தினமும் போகிறாரே என்றேன்.

“சத்தத்தையே காணோமே. விடியறதுக்கு முன்னாடியே முழிச்சு உக்காந்திருக்கேன். போனானா, வந்தானா, ஒண்ணும் தெரியலை.” இதற்கு மேல் என்னிடம் பேச அவருக்கு மூச்சில்லை, அல்லது மனமில்லை. கதவு சாத்திக்கொண்டது. சத்தமில்லாத மோட்டாருக்காகப் பம்ப்பு பட்ட பாடெல்லாம் என் கண்முன் வந்து நின்றது.

செவிடரிடம் இதைத் தெருவில் நின்று கத்திச் சொல்ல முடியாது. மாடிக்குக் கூட்டிப்போய், கதவைச் சாத்திக்கொண்டு, அவர் காதருகே வாயை வைத்து உரக்கச் சொன்னேன். நடுவில் ஒரே ஒரு சந்தேகம் கேட்டார், அண்ணன் தன் பெயரைச் சொன்னாரா, அவன் என்று சொன்னாரா என்று. அவன் என்றுதான் சொன்னார் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார். குரல் இறங்கிப்போனதைச் சொன்னபோது மட்டும் தலை ஆடாமல் நின்றது. நேரே போய்க் கதவைத் தட்டக் கூடாதா என்று நான் கேட்டேன்.

“கதவு திறந்தா என்ன சொல்றது தம்பி? அப்பா கூப்பிட்டது கேக்கலைன்னு மறுபடியும் சொல்லவா?”

எழுந்து போய்விட்டார். முட்டி வலிக்க, படிப்படியாக நின்று நின்று இறங்கினார்.

மறுநாள் விடியுமுன் சந்துக்குள் கடகடவென்று ஒரு சத்தம். ஜன்னலுக்கு ஓடினேன். மோட்டார் என்னவோ சமர்த்தாகத்தான் ஓடியது. மட்கார்டின் நட்டுகளைத் தளர்த்தி வாஷர்களையெல்லாம் கழற்றிவிட்டிருக்கிறார். தகரம் பைத்தியம் பிடித்ததுபோல் அடித்துக்கொண்டது. பெல்லின் நாக்கில் கட்டியிருந்த துணியையும் காணோம். அண்ணன் ஜன்னலுக்கு வந்ததும் வண்டி நின்றது. ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு, இறங்காமல், அவர் காத்திருந்தார். உள்ளே விளக்கு எரிந்தது. ஜன்னல் திறக்கவில்லை.

சட்டைப்பையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். முனையை ஜன்னலின் மரச்சட்டத்தில் வைத்தார், கைப்பிடியைக் காதுக்குப் பின்னால் எலும்பில் அழுத்திக்கொண்டார். கண்ணை மூடினார். வாய் லேசாகத் திறந்திருந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்து கேட்டேன். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

வெகுநேரம் அப்படியே நின்றார். பிறகு, ஹேண்டில்பாரைப் பிடித்திருந்த இடது கையில், ஆள்காட்டி விரல் மட்டும் மெல்ல எழுந்தது.