எந்த ஆறு மணி

யுத்தத்தின் நடுவில் சர்க்கார் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தது. திண்டிவனம் ரயில்வே ஸ்டேஷனில் புது மணி. மாதா கோயிலில் பழைய மணி. சூரியனுக்கு யாரும் உத்தரவு போடவில்லை என்று சாமியார் சொல்லிவிட்டார். நான் ஊருக்கு விளக்கு கொடுக்கும் சின்ன மின்சாரக் கம்பெனியில் குமாஸ்தா. நாங்கள் மின்சாரம் தயாரிக்கவில்லை. விழுப்புரம் வழியாக வரும் சர்க்கார் லைனிலிருந்து வாங்கி விற்றோம்.

வாங்குவதற்கு ஓர் ஒப்பந்தம் உண்டு. மாலை ஆறிலிருந்து ஒன்பது வரை விளக்கு நேரம். அப்போது மில்கள் மின்சாரம் இழுக்கக் கூடாது. மீறினால் அன்று எவ்வளவு இழுத்தோமோ அதையே அளவாக வைத்து வருஷம் முழுக்கக் கட்டணம் போடுவார்கள். எங்கள் லைனில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உடைக்கும் மில் ஒன்று இருந்தது. அதற்காக அந்த ஷரத்தைத் தமிழில் எழுதிக் கொடுத்தவன் நான். 'மாலை ஆறு மணி அடித்ததும் மிஷினை நிறுத்திவிட வேண்டும்.' அந்த 'அடித்ததும்' எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. எழுதத் தெரியும் என்ற திமிர்தான், வேறென்ன.

ஒரு மாதம் கழித்து விழுப்புரத்திலிருந்து கடிதம் வந்தது. தினமும் ஆறு மணிக்கு மேல் மில் மின்சாரம் இழுத்திருக்கிறதாம். மில்லுக்கு ஓடினேன். மேஸ்திரி நிதானமாகச் சொன்னார்: "ஆறு மணி அடிச்சதும் நிறுத்துன்னு நீங்கதானே சார் எழுதினீங்க. கோயில்ல மணி அடிச்சதும் நிறுத்திக்கினுதான் இருக்கோம்."

கோயிலில் ஆறு அடிக்கும்போது ஸ்டேஷனில் ஏழு. அவர்மேல் எரிந்து விழப் போனேன். அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லாததால் கோபம் இன்னும் அதிகமானது. மானேஜர் சத்தம்கூடப் போடவில்லை. வருஷக் கட்டணம் தலையில் விழுந்தால் என்னை வைத்துக்கொள்ள முடியாது என்றார். கல்யாணமாகி ஆறு மாதம். வீட்டில் வயிறு சரியில்லை என்று சொல்லி மூன்று நாள் சோற்றைத் தள்ளி வைத்தேன்.

மூன்றாம் நாள் வெறுப்பில் அந்த ஒப்பந்தத்தை முதலிலிருந்து படித்தேன். நான் தமிழில் எழுதாமல் விட்ட கடைசிப் பக்கத்தில் ஒரு வரி இருந்தது. இதில் சொல்லும் மணியெல்லாம் விழுப்புரத்து மீட்டருக்குள் இருக்கும் கடிகாரத்தின் மணி. அதன் முள்ளைத் தொட வேண்டுமானால் இரண்டு தரப்பும் சேர்ந்து நின்று முத்திரையை உடைக்க வேண்டும். எங்களை யாரும் கூப்பிட்டதாக நினைவில்லை. மானேஜரிடம் ஒப்பந்தக் காகிதத்தை வாங்கிக்கொண்டு மறுநாள் காலை ரயிலைப் பிடித்தேன்.

விழுப்புரத்தில் இருந்த இன்ஜினீயருக்கு என்னைவிட முன்கோபம். பேரேட்டில் மணி போட்டு எழுதியிருக்கிறது, இன்னும் என்ன பேச்சு என்றார். நானும் குரலை உயர்த்தி, மீட்டரைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள் என்றேன். கோலியனூர்க்காரரான ஆபரேட்டர் கண்ணாடியைத் துணியால் துடைத்து உற்றுப் பார்த்தார். பிறகு தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"இது பழைய மணிதாங்க ஓடிக்கினு இருக்குது. முத்திரை அப்படியே இருக்குதுங்க."

பேரேட்டில் எழுதியது கைக்கடிகாரத்தின் புது மணி, மீட்டரில் பழைய மணி. ஒப்பந்தப்படி எங்கள் மில் ஒரு நாள்கூட ஆறைத் தாண்டவில்லை. இன்ஜினீயர் அந்தப் பக்கத்தை இரண்டு முறை படித்தார். உட்கார்ந்து, கடிதத்தை வாபஸ் வாங்குவதாக எழுதிக் கொடுத்தார். அப்புறம் இருவரும் பக்கத்தில் நின்று முத்திரையை உடைத்து முள்ளை நகர்த்தினோம். ஆபரேட்டர் இழுத்துப் போட்ட ஸ்டூலில் உட்கார்ந்தேன். அவ்வளவு சந்தோஷத்தை அதற்கு முன் நான் அனுபவித்ததில்லை.

மானேஜரிடம் வாபஸ் காகிதத்தைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து, முதல் தடவையாக எல்லாவற்றையும் என் மனைவியிடம் சொன்னேன்.

"வேல போச்சுன்னா வேற பாத்துக்கலாம். என் சமையல் பிடிக்கலியோன்னு மூணு நாளா நான் அழுதுக்கினு இருந்தேங்க" என்றாள்.

அன்று கேப்பைக் களியை மூன்று முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.