தோல்வியே காணாத உடையப்பன்

உடையப்பன் தோற்றதே இல்லை. நான் சொல்லவில்லை, அவனே சொல்வான். குவைத்தில், மங்காஃபில் எங்கள் கேம்ப் மெஸ்ஸுக்கு நேற்று வந்திறங்கிய புது ஆளைக்கூட விட்டுவைக்க மாட்டான். தட்டில் சோறு விழுவதற்கு முன் சுவரைக் காட்டுவான். சுவரில் ஒரு சார்ட் ஒட்டியிருக்கும். 'மங்காஃப் காளைகள், கால்பந்து, 2004-05' என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. கீழே பதினேழு வரி. பதினேழிலும் வெற்றி. அந்த டீமின் மேனேஜர் அவன். பந்தை ஒருநாள்கூடக் காலால் தொட்டவனில்லை.

இப்போது இரண்டாயிரத்து எட்டு. எங்கள் தமிழர் சங்கத்தின் ஃபைனலில் எந்த இரண்டு டீம் ஆடலாம் என்று முடிவு செய்கிற கமிட்டிக்கு அவன்தான் செயலாளர். கேட்கவே வயிற்றெரிச்சலாக இருக்கிறது இல்லையா. எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே எரியும். ஏனென்றால் அந்தச் சார்ட் நிறைந்த வருஷம் கமிட்டியில் நானும் இருந்தேன்.

என் பெயர் அருள்ராஜ். குமரிக் கடற்கரைக்காரன். தண்ணீர் டேங்கர் ஓட்டுகிறேன். முட்டி போனபிறகு ஆடுவதை விட்டுவிட்டு வெள்ளிக்கிழமைகளில் விசில் ஊதுகிறேன்.

உடையப்பனுக்குத் தேவகோட்டைப் பக்கம். தொண்ணூற்றாறில் ஹெல்ப்பர் விசாவில் வந்தான். முதல் வெயில் காலம் முடிவதற்குள் மண்வெட்டியைப் போட்டுவிட்டு டைம்கீப்பர் அறைக்குள் புகுந்துகொண்டான். யாருக்கு எந்த சைட்டில் டூட்டி, எவன் நைட், எவன் ஆப்சென்ட், எந்தக் கேங் என்றைக்கு ரிஃபைனரிக்குப் போகிறது, எல்லாம் அவன் கையில். கேரம் போர்டில்கூடப் புதிதாக வந்தவர்களோடுதான் உட்காருவான். நன்றாக ஆடுகிறவன் எதிரில் வந்து உட்கார்ந்தால் உடனே அவனுக்கு வயிறு சரியிருக்காது. ஹிந்தி தெரியாதவனிடம் ஹிந்தியில் சண்டை போடுவான். அவன் பிழைப்பே அப்படித்தான்.

எங்கள் போட்டிக்கு முன்கூட்டியே அச்சடித்த அட்டவணையெல்லாம் கிடையாது. எப்படி இருக்கும்? ஒருவனுக்குப் பகல் டூட்டி, ஒருவனுக்கு இரவு, ஒருவனை நடுவழியில் வேறு சைட்டுக்கு மாற்றிவிடுவார்கள். ஆகவே ரம்ஜான் முடிந்ததும் டீம்கள் தங்களுக்குள் போன் போட்டுப் பேசிக்கொள்ளும். இந்த வெள்ளி நீ வர்றியா, அடுத்த வெள்ளி நான் வரட்டுமா என்று. மார்ச் தொடக்கத்தில் கமிட்டி உட்கார்ந்து, யார் யாரோடு ஆடி என்ன ஆனது என்று பார்த்து, இரண்டு டீமை ஃபைனலுக்குப் பொறுக்கும். ஃபைனல் மட்டும் ஃபஹாஹீல் பக்கம் ஒரு கிளப்பின் புல் மைதானத்தில் நடக்கும். மற்றதெல்லாம் மணலிலும் சரளையிலும்தான்.

யாரோடு ஆடலாம் என்று தானே தேர்ந்தெடுக்கலாம் என்ற விதியைப் பார்த்ததும் உடையப்பனுக்கு மூக்கு வியர்த்தது. முதல் மேட்ச் ஒரு பேக்கரி டீமோடு. பாவம், விடிய விடிய அடுப்படியில் நின்றுவிட்டு வந்தவர்கள். அடுத்தது தையற்கடைக்காரர்கள். அதற்கடுத்தது சூப்பர் மார்க்கெட்டில் சாமான் அடுக்குகிற பையன்கள், மொத்தமே ஒன்பது பேர், இரண்டு பேர் செருப்போடு வந்திருந்தார்கள். பதினொன்று பூஜ்யம். இப்படியே ஊதித் தள்ளினான். நானே விசில் ஊதினேன், எனக்கே வெட்கமாக இருந்தது. அவனுக்கு ஏன் வெட்கம் வரப்போகிறது? அன்று மாலையே சார்ட்டில் ஏற்றிவிட்டான்.

காளைகள் டீமில் ஒரே ஒருவன்தான் ஆட்டக்காரன். ஐயப்பன். திருவாடானைப் பக்கம். கிரேனுக்குக் கீழே நின்று கை காட்டுகிற ரிக்கர் வேலை. பதினொரு வருஷம் குவைத்தில் ஆடியிருக்கிறான், ஒருநாள்கூடப் புல்லில் ஆடியதில்லை. முழங்கால் இரண்டும் மணல் உரசி உரசிக் கறுத்துப் போயிருக்கும். தினமும் டூட்டி பஸ் அந்தக் கிளப் வேலியை ஒட்டித்தான் போகும். அந்த இடம் வந்ததும் அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வான். அந்த மார்ச்சோடு அவனுக்குக் கான்ட்ராக்ட் முடிகிறது. திரும்பி வருவதாக இல்லை. புல் தரையில் மட்டும் போடுகிற முள் பூட்ஸ் ஒரு ஜோடி வாங்கி, அட்டைப்பெட்டியோடு கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தான். மணலில் அதைப் போட்டால் நிற்கவே முடியாது. அந்த ஒரே ஒரு மேட்சுக்காக வாங்கியது.

டிசம்பரில் ஆனந்தராசா அவனைக் கூப்பிட்டார். யாழ்ப்பாணத்துக்காரர், ஒரு கம்பெனி ஆபீசில் வேலை, வடமராட்சி பாய்ஸ் என்ற டீமை நடத்துகிறார். "தம்பி, உம்மட கால் இவரிட்ட வீணாப் போகுது. எங்களோட வாரும்" என்றார்.

ஐயப்பன் உடையப்பனிடம் வந்து கேட்டான். "எதுக்குடா அங்க போற? அவரு பலமான டீமாப் பாத்துப் பாத்து ஆடுறாரு. ஒண்ணுல தோத்தாப் போச்சு. நம்மகிட்ட இரு. புல்லுல உன்னய நிறுத்துறது என் பொறுப்பு" என்றான் உடையப்பன். ஐயப்பன் நம்பி இருந்துவிட்டான்.

ஆனந்தராசா சும்மா இருக்கவில்லை. கமிட்டித் தலைவர் செய்கு அலாவுதீனின் ஓட்டலுக்கே வந்து கேட்டார். "அண்ணை, எத்தினை மேட்ச் வெண்டது எண்டு மட்டும் பாக்காதேங்கோ. ஆரோட விளையாடினது எண்டும் பாருங்கோ. பேக்கரிக்காரரை வெல்ல ஒரு டீம் வேணுமே?"

நியாயமான கேள்வி. செய்கு அலாவுதீன் தாடியைத் தடவிவிட்டு, பலமான டீம்களில் இரண்டையாவது சந்திக்காதவர்களை ஃபைனலுக்கு எடுக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார். உடையப்பன் மாட்டிக்கொண்டான் என்று நினைத்து நான் அன்றைக்கு ஒரு டீ கூடக் குடித்தேன். என் புத்தியைச் சொல்ல வேண்டும்.

அவன் டைம்கீப்பர் அல்லவா. ஷிஃப்ட் லிஸ்டை எடுத்து மேசையில் விரித்தான். எங்கள் லீகில் பெரிய டீம் குமரி ஸ்டார்ஸ். எல்லோரும் எங்கள் ஊர்ப் பயல்கள், எங்கள் கம்பெனியிலேயே சாரம் கட்டுகிறவர்கள். ஒரு வியாழக்கிழமை ராத்திரி முழுக்க அவர்களுக்குக் கான்கிரீட் வேலை. வெள்ளி காலை ஆறு மணிக்கு மேட்ச் வைத்தான். அவர்களும் ரோஷக்காரர்கள், வரமாட்டோம் என்று சொல்லத் தெரியாது. பஸ்ஸிலிருந்து நேராக மைதானத்துக்கு வந்தார்கள். அவர்களுடைய கோல்கீப்பர் போஸ்டில் சாய்ந்து நின்றபடியே தூங்கினதை நான் கண்ணால் பார்த்தேன். ஐயப்பன் ஒரு கோல் போட்டான். கை தட்டக்கூட யாருக்கும் மனம் வரவில்லை, ஐயப்பனுக்கே வரவில்லை. அதே வித்தையை இன்னொரு பெரிய டீமோடும் காட்டினான். விதியும் நிறைந்தது, சார்ட்டும் நிறைந்தது.

மார்ச் முதல் வெள்ளி, ஜும்மா முடிந்து, ஓட்டலின் பின்னறையில் கமிட்டி கூடியது. ஐந்து பேர். குமரி ஸ்டார்ஸ் உள்ளே என்பதில் பேச்சே இல்லை. ஏமாந்த அந்த ஒரு மேட்ச்தான் தோல்வி, மற்றபடி எல்லோரையும் அடித்திருந்தார்கள். இன்னொரு இடத்துக்கு வடமராட்சி பாய்ஸா, காளைகளா? ஆனந்தராசா பன்னிரண்டு ஆடி ஒன்பதில் ஜெயித்து, இரண்டில் சமன் செய்து, குமரி ஸ்டார்ஸிடம் ஒன்றில் தோற்றிருந்தார். பன்னிரண்டும் பலமான டீம்கள். உடையப்பனுக்குப் பதினாறும் வெற்றி.

"தோக்காதவன வெளிய நிறுத்துனா நாளைக்கு நம்மளத்தான் கேள்வி கேப்பாக" என்றார் செய்கு அலாவுதீன். ஒருவர் தலையாட்டினார். இரண்டு பேர் ஆனந்தராசா என்றார்கள். அதாவது ஓட்டு இரண்டுக்கு இரண்டு, நான்தான் மிச்சம்.

அடேயப்பா, அந்தப் பதினாறையும் நான் விசிலோடு நின்று பார்த்தவன். பேக்கரி, தையற்கடை, தூங்கின கோல்கீப்பர், எல்லாம் எனக்குத் தெரியும். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பையன் ஊருக்குப் போகிறான், புல்லில் ஒருதரம் ஆடட்டும் என்று எனக்கு நானே சப்பைக்கட்டு கட்டிக்கொண்டு, காளைகள் என்று கையைத் தூக்கினேன். இப்போது நினைத்தாலும் அந்தக் கையை என்ன செய்வதென்று தெரியவில்லை.

தோல்வி காணாத டீம் ஃபைனல் தேதியைத் தானே சொல்லலாம் என்பது எங்கள் வழக்கம். உடையப்பன் மறுபடியும் லிஸ்டை விரித்தான். ரிஃபைனரியில் ஷட்டவுன் தொடங்குகிறது. மெஷின்களை நிறுத்திப் பழுது பார்க்கிற மாதம், எல்லோருக்கும் பன்னிரண்டு மணி நேர டூட்டி. குமரி ஸ்டார்ஸுக்கு முதல் நைட் வியாழக்கிழமை. அடுத்த நாள் வெள்ளி மாலை நாலு மணி என்று ஃபைனலை வைத்தான்.

அந்த வெள்ளி மூன்று மணிக்கே ஐயப்பன் மைதானத்துக்கு வந்துவிட்டான். புது பூட்ஸ். கயிற்றை இரண்டு தடவை அவிழ்த்துக் கட்டினான். கிளப்பின் காவலாளி ஒரு எகிப்துக்காரர், கறாரான ஆள். டாஸ் போடுகிறவரை புல்லில் யாரும் கால் வைக்கக் கூடாது, ஆறு மணிக்குக் கேட் பூட்டிவிடுவேன் என்று சொல்லிவிட்டார். ஐயப்பன் சிமெண்ட் ஓரத்தில், கோட்டுக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

மூன்றரைக்கு என் போன் அடித்தது. குமரி ஸ்டார்ஸ் கேப்டன், ரிஃபைனரி கேட்டிலிருந்து. "அண்ணே, விடமாட்டேங்கான். உள்ள ஏதோ வால்வு கோளாறாம், காலைல முடிய வேண்டிய டூட்டிய ராத்திரி வரைக்கும் நீட்டிட்டான். ஒருத்தனையும் விடமாட்டேங்கான்" என்றான்.

சோர்ந்துபோன ஆட்களை எதிர்பார்த்தவனுக்கு ஆளே இல்லை. நான் சொன்னதும் உடையப்பன் முகம் ஒரு நிமிஷம் செத்துப்போனது. அடுத்த நிமிஷம் மலர்ந்துவிட்டது.

"அப்ப வாக்கோவர்தானேண்ணே? ஆளு வரலைன்னா மூணு பூஜ்யம்ல?"

ஆனந்தராசாவும் அவர் டீமும் வேடிக்கை பார்க்க வந்து கேலரியில் இருந்தார்கள். காலையில் மணலில் ஒரு மேட்ச் ஆடிவிட்டு அப்படியே வந்தவர்கள், பையெல்லாம் கையோடு இருந்தது. அவர் இறங்கி வந்தார்.

"ஆள் இல்லையெண்டா நாங்கள் இறங்கிறம். கோப்பையை அவரே வச்சிருக்கட்டும், எங்களுக்கு வேண்டாம். பெடியள் விளையாடட்டும், விடுங்கோ."

இதைவிட ஒரு மனுஷன் எப்படிப் பேசுவான்? உடையப்பன் தலையை ஆட்டினான். "சும்மா ஆடினாலும் மேட்ச் மேட்ச்தான். தோத்தா சார்ட்ல ஏத்தணும்ல?"

"நீ என்ன மனுசன்டே" என்றேன். அவன் காதில் விழவில்லை.

ஐயப்பன் அருகில் வந்தான். "அண்ணே, ஒரு அரை மணி நேரம் போதும்ணே. சார்ட்ல எழுத வேணாம்."

"பதினேழு ஆயிருச்சுடா. இப்பப் போயி கெடுக்கச் சொல்றியா?"

டீமில் மற்ற பத்துப் பேரும் வாயைத் திறக்கவில்லை. ஆப்சென்ட் போடுகிற பேனா அவன் பையில் இருக்கிறது, யார் பேசுவான்? எனக்கு அந்தப் பேனா பயமும் கிடையாது, நான் வேறு டிபார்ட்மெண்ட். விசில் என் கழுத்தில்தான் தொங்கியது. ஒரு ஊது ஊதி "இறங்குங்கடே" என்று சொல்லியிருந்தால் இருபத்திரண்டு பேரும் இறங்கியிருப்பார்கள். நான் செய்கு அலாவுதீனைப் பார்த்தேன். அவர் கோப்பை கொடுக்க வந்திருந்த சீஃப் கெஸ்டைப் பார்த்தார். சீஃப் கெஸ்ட் வாட்சைப் பார்த்தார். காவலாளி "கலாஸ்? யல்லா" என்று, முடிந்தால் கிளம்புங்கள் என்கிற மாதிரி சாவிக்கொத்தை ஆட்டினார்.

கோப்பையைச் சிமெண்ட் தரையிலேயே கொடுத்தார்கள். உடையப்பன் கழுத்தில் மாலை. போட்டோ எடுக்கும்போது ஐயப்பன் வரிசையில் இல்லை. கோட்டுக்குப் பக்கத்தில் குனிந்து, கையால் புல்லைத் தடவிக்கொண்டிருந்தான். பிறகு பூட்ஸைக் கழற்றிப் பெட்டியில் வைத்து மூடினான்.

அடுத்த வெள்ளி மத்தியானம் மெஸ்ஸில் அவனுக்கு வழியனுப்பு. ஞாயிற்றுக்கிழமை ஃப்ளைட். பிரியாணி, கேக், கேமரா எல்லாம் உண்டு. உடையப்பன் எழுந்து பேசினான். அவன் பேசாமல் ஒரு விசேஷம் நடக்குமா? சார்ட்டின் கடைசி வரியை விரலால் தொட்டுக் காட்டினான். புது மை. 'ஃபைனல், 3-0. கோல்: ஐயப்பன், ஐயப்பன், ஐயப்பன்.'

"ஊருக்குப் போறவன் வெறுங்கையோட போகலாமா? ஃபைனல்ல மூணு கோலும் நம்ம ஐயப்பன் பேருலதான் போட்டிருக்கேன்" என்றான். மெஸ் முழுக்கக் கைதட்டியது. உடையப்பனுக்குக் கண்கூடக் கலங்கியது. தான் ஏதோ பெரிய தர்மம் செய்துவிட்டதாக அவன் மெய்யாகவே நம்பினான், அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஐயப்பன் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து சார்ட்டுக்குக் கிட்டே போனான். தன் பெயரை மூன்று தடவையும் படித்தான்.

"அண்ணே," என்றான், "மூணு கோலும் எந்தப் பக்கத்துப் போஸ்ட்ல அடிச்சேன்ணே? ஊர்ல கேப்பாங்க."

விளையாட்டுக்குக் கேட்கிறான் என்று நினைத்து இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. பதிலுக்காக நின்றான். உடையப்பன் என் பக்கம் திரும்பினான். அந்த வரிக்கு நேரே, நடுவர் என்ற இடத்தில், என் பெயரை எழுதியிருந்தான்.