பந்து எறிகிறவனுக்குச் சொல்லக்கூடாது

என் மனைவி கௌசியின் தம்பி ஜதுர்சன் சம்பளத்துக்குப் பந்து எறிகிறவன். பேஸ்போல். இங்கே எங்கள் வீட்டுக்குப் பக்கத்து மோர்னிங்சைட் பார்க்கில் எறிந்து பழகியவன் பிறகு வட டகோட்டா, மெக்சிக்கோ, இத்தாலி என்று எறிந்து, கடைசியில் தைவானுக்குப் போய்ச் சேர்ந்தான். ஓர் அணி நிற்பாட்டினால் அடுத்தது. சூட்கேஸைப் பிரிக்கவே மாட்டான். கல்யாண வீட்டில் "மகன் என்ன செய்யிறார்?" என்று யாராவது கேட்டால், என் மாமனார் தியாகலிங்கம் "ஸ்போர்ட்ஸில" என்று சொல்லிவிட்டு வடையைக் கடிப்பார்.

அடித்த பந்து முகத்துக்கு நேரே வந்தாலும் அவனுக்குப் பயமில்லை. வீட்டிலிருந்து போன் வந்தால்தான் பயம். எல்லாம் எங்கள் சனத்தின் பாழாய்ப்போன பழக்கத்தால் வந்தது. சோதனை எழுதுகிறவனுக்கும் தூரத்தில் இருக்கிறவனுக்கும் கெட்ட செய்தி சொல்லக்கூடாதாம். அவன் மெக்சிக்கோவில் இருந்தபோது, தூக்கி வளர்த்த பெரியப்பா மோசம்போனார். "விளையாடுற பிள்ளை, மனம் உடைஞ்சு போகும். சீசன் முடியட்டும்," என்றார் என் மாமி, அவனுடைய அம்மா சந்திரவதனா. அவன் கேட்கும்போதெல்லாம் "எல்லாரும் சுகம்" என்றோம். சிரித்துக்கொண்டு வந்து இறங்கியவனைக் காரில் ஏற்றிய பிறகுதான் சொன்னோம். அதற்குள் முப்பத்தோராம் நாள் கிரியையான அந்தியேட்டியும் முடிந்திருந்தது. இத்தாலியில் இருந்தபோது கூடப் படித்த துஷாந்த் விபத்தில் போனான். அதையும் அப்படியே, காருக்குள் வைத்துத்தான் சொன்னோம்.

அதன்பிறகு வீடியோவில் ஒவ்வொருவர் முகத்தையும் பார்க்காமல் போனை வைக்கமாட்டான். "அத்தான், அப்பாவைக் காட்டுங்கோ. அம்மா எங்க?" சரியான விசரன் என்று நானும் ஏசியிருக்கிறேன்.

இந்த ஆவணியில் தைவானில் அவனுக்குக் கடைசி வாய்ப்பு. தோளுக்கும் வயதாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை நன்றாக எறிந்தால் முதல் அணியில் இடம், இல்லாவிட்டால் வீடு. அந்தக் கிழமை பார்த்து மாமிக்குக் காய்ச்சல் வந்து, தொண்டை அடைத்துச் சத்தமே வரவில்லை. வேறொன்றுமில்லை, சத்தியமாக. அவன் போன் எடுத்தபோது மாமா, "அம்மாவுக்குக் கதைக்கேலாது," என்றிருக்கிறார்.

"காட்டுங்கோ."

அந்த மனுசனுடைய புத்தியை என்னவென்று சொல்ல! மல்லாந்து நித்திரையாய்க் கிடந்த மாமியைக் காட்டினார். கழுத்துவரை வெள்ளைப் போர்வை, நெற்றி நிறையத் திருநீறு.

உடனே எனக்குப் போன் அடித்தான். "அத்தான், அம்மா இருக்கிறாவோ?"

"உனக்கென்ன விசரே? வெறும் காய்ச்சலடா. எல்லாரும் சுகம்."

சொன்னதும் நாக்கைக் கடித்தேன்.

"பெரியப்பாவுக்கும் இதைத்தானே சொன்னனீங்கள்," என்றான். போனை வைத்துவிட்டான்.

மாமியை எழுப்பி வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப அடித்தோம். போன் வேலை செய்யவில்லை. அணிக்காரருக்கு அடித்துக் கேட்டபோதுதான் தெரிந்தது, அம்மா இறந்துவிட்டார் என்று பயிற்சியாளரிடம் சொல்லிவிட்டு அவன் விமானம் ஏறியிருந்தான். அது எப்போது வந்து இறங்கும் என்று கேட்டு வைத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை அவனுடைய இடத்தில் வேறொருவன் எறிந்தான். முதல் அணி இடமும் அவனுக்கே போனது.

எயார்போர்ட்டில் நின்ற என்னை ஜதுர்சன் ஒன்றும் கேட்கவில்லை. கார் நெடுஞ்சாலையில் ஏறியதும் கண்ணை மூடிக்கொண்டான்.

"சொல்லுங்கோ, அத்தான். கார் வெளிக்கிட்டிட்டுதுதானே."

"டேய், அம்மாவுக்கு ஒண்டுமில்லையடா. அந்த முருகன் மேல சத்தியம்."

அவன் கண்ணைத் திறக்கவில்லை.

வீட்டு வாசலில் செருப்புகள் குவிந்து கிடக்கின்றனவா என்றுதான் முதலில் பார்த்தான். கதவைத் திறந்தது மாமி. அவருடைய கன்னத்தைத் தடவி, கையைத் தடவி, வாய்விட்டு அழுதான். மாமியும் அழுதார். ஐயோ, அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

அவன் தலையை நிமிர்த்தினான். "அப்பா எங்க?"

"பால் வாங்கப் போயிட்டார்," என்றார் மாமி, அடைத்த குரலில்.

அவன் முகம் வெளிறியது. ஒவ்வோர் அறையாகத் திறந்து பார்த்துவிட்டு யன்னலடியில் போய் நின்றான்.

"பால் வாங்கத்தானடா ராசா. இனி உனக்கு ஒண்டும் ஒளிக்கமாட்டன்."

"உங்களை நம்பேலாதம்மா," என்றான். கோபத்தோடு சொல்லவில்லை.

கடை பக்கத்தில்தான். மாமா போய்க் கனநேரம் ஆகிவிட்டதென்று மாமிக்கும் அப்போதுதான் பட்டிருக்க வேண்டும். மெல்லப் போய், மகனுக்குப் பக்கத்தில் நின்று, வீதியைப் பார்க்கத் தொடங்கினார்.