ஹவாய்ச் சாமிக்கு ஒரு முழம் பூ

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் ரங்கூன் அருங்காட்சியகம் ஒன்றில் எனக்குப் பியூன் வேலை. மழைக்கு ஒழுகிக்கொண்டிருந்த தென்புறக் கூடத்தைப் புதுப்பித்து, அதில் ஹவாய்த் தீவுப் பொருள்களை வைத்தார்கள். தேக்குப் பீரோக்களுக்கு மெருகு போட்டதில் என் கையும் உண்டு. கூடத்தையே நான் கட்டியதுபோல் தெருவெல்லாம் பீற்றிக்கொண்டு திரிந்தேன்.

அப்பா அம்மா போனபின், சந்தையில் காய் விற்று என்னை ஆளாக்கியவள் அக்கா. "அப்படி என்னதான்டா இருக்கு? என்னையும் கூட்டிட்டுப் போ" என்று நச்சரித்தாள். கூடம் திறந்த வாரம், வெள்ளிக்கிழமையன்று ட்ராமில் வந்து இறங்கினாள். அப்படியே கோவிலுக்கும் போவதாக, வாழையிலையில் சுற்றிய பூச்சரம் கையில் இருந்தது. வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டாள். இங்கே கழற்ற வேண்டாம் என்றேன். காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பறவை இறகில் செய்த மேலாடை, மரப்பட்டைத் துணி, சுரைக்குடுவை எல்லாவற்றையும் வாய் பிளந்து பார்த்தாள். விருந்தாளிக்குப் பூமாலை போடும் ஹவாய்ப் பெண்ணின் படம் அவளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. மூலையில் ஆள் உயர மரச்சாமி ஒன்று பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது. அதன் முன் போனவள் நகரவில்லை.

"வந்தவங்களுக்கெல்லாம் மாலை போடுறாங்க. சாமிய மட்டும் வெறுங்கழுத்தா நிக்க வச்சிருக்கீங்களே, பாவம்டா."

நான் வாயைத் திறப்பதற்குள் கோவில் சரத்தை அதன் கழுத்தில் போட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

கூடத்து அதிகாரி ஒரு பர்மியர். பர்மிய மரியாதைப்படி ஐயா என்பதற்கு 'ஸயா' என்றுதான் கூப்பிடுவோம். இரண்டு வெள்ளைக்காரத் துரைமாரோடு அந்நேரம் பார்த்து அவர் உள்ளே வந்தார். துரைமார் சிரித்தார்கள். "யார் இந்தம்மா? உனக்கு வேண்டியவங்களா?" என்று ஸயா பர்மிய மொழியில் கேட்டார்.

"தெரியாது, ஸயா" என்றேன்.

அக்கா என்னைவிட நன்றாகப் பர்மிய மொழி பேசுவாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வெளியே போனாள். பூவை எடுத்தெறியச் சொன்னார் ஸயா. நானே எடுத்தேன். வாசலில் அவள் செருப்பு அப்படியே கிடந்தது.

சாயங்காலம் செருப்பைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். சோறு போட்டாள்.

"சாமிக்கு வச்ச பூவ எடுத்துட்டாங்களாடா?"

"இல்லக்கா, அப்படியே இருக்கு" என்று புளுகினேன். அவள் முகம் தெளிந்தது.

அதற்குப்பின் அக்கா அந்தப் பக்கம் வரவே இல்லை. ஆனால் வெள்ளிதோறும் ஒரு முழம் பூ வாங்கி, "அந்தச் சாமிக்குப் போட்டுடு" என்று என்னிடம் கொடுத்தனுப்புவாள். ட்ராம் ஏறுமுன் அதைச் சாக்கடையில் போட்டுவிடுவேன். கண் மூடும்வரை கொடுத்தாள். நானும் போட்டேன்.

இப்போது நினைத்தால் என்மேலேயே வெறுப்பாக வருகிறது. காலையில் கூடத்தைத் திறப்பவன் நான்தான். ஸயா வர அதற்குமேல் ஒரு மணி நேரம் ஆகும். அந்த நேரத்துக்காவது பூவைப் போட்டு எடுத்திருக்கலாம். சாவி என் இடுப்பில்தான் இருந்தது.